வேட்டி கட்டிய சிலந்தி வீரன்

கூத்துக் களரியிலே ஒரு பாத்திரம் முதன்முதலாகத் தோன்றும் வேளையை ‘வரவு’ என்பர். மத்தளம் அதிரும், தாளம் இறுகும், வருபவன் இன்னான், இன்ன குலத்தினன், இன்ன வல்லமை உடையவன் என்று சபையோருக்கு அறிவிக்கப்படும். அதன் பின்னரே அரசனோ அசுரனோ ஆடிக்கொண்டு வெளிப்படுவான். மட்டக்களப்பின் வடமோடியிலும் தென்மோடியிலும் இவ்வரவுக்கு அண்ணாவிமார் கொடுக்கும் கவனம் மிகப் பெரிது. வரவிலே சோர்ந்துவிட்ட பாத்திரம் விடியும் வரை ஆடினாலும் எழும்பாது என்பது களரி கண்டோர் அறிந்ததே.

நேயர்களே, இப்பேச்சுக்குப் பொருளாக அமைவதும் அத்தகைய ஒரு வரவுதான். களரி மட்டும் வேறு. 2004 ஆம் ஆண்டிலே இந்தியாவில் வெளிவந்த ஓர் ஆங்கிலச் சித்திரக்கதைச் சஞ்சிகையின் பக்கங்களில், பவித்திர பிரபாகர் என்னும் பையன் சிலந்தி வீரனாகத் தோன்றினான். ‘ஸ்பைடர்மேன்’ என்ற அமெரிக்கப் பெயரை அறியாத சிறுவர் இன்று அரியர். ஆனால் இவன் அந்த அமெரிக்கன் அல்லன். வேறோர் உலகத்தைச் சேர்ந்தவன். மேலே நீலச் சிவப்புச் சட்டை, இடுப்பிலே வேட்டி. அந்தக் கோலத்தோடு மும்பையின் கட்டடங்களுக்கிடையே நூல் வீசித் தாவினான். கொதம் என்டர்டெயின்மென்ட் குறூப் என்னும் வெளியீட்டு நிறுவனம், அமெரிக்காவின் மார்வல் நிறுவனத்திடம் உரிமை பெற்று இதனை வெளியிட்டது. சித்திரந் தீட்டியவர் ஜீவன் காங். கதையை அவரோடு சேர்ந்து ஆக்கியவர்கள் சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன் ஆகிய இருவர். நான்கு இதழ்களோடு கதை முற்றிற்று. 2005 இல் அதே நான்கு இதழ்களும் அமெரிக்காவிலும் அச்சேறின.

கதை இதுதான். பெற்றோரை இழந்த பவித்திரன் ஒரு கிராமத்துப் பையன். படிப்பிலே கெட்டிக்காரன். புலமைப்பரிசில் கிடைத்து மும்பையிலுள்ள பாடசாலைக்கு வருகிறான். அவனை வளர்க்கும் பீம் மாமாவும் மாயா மாமியும் பிழைப்புக்கு அல்லாடிக்கொண்டே கூட வருகிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் அவனுடைய உடையைக் கண்டு நகைக்கிறார்கள், அடிக்கிறார்கள், துரத்துகிறார்கள். மீரா ஜெயின் என்ற மாணவி ஒருத்தியே அவனோடு அன்பாகப் பேசுகிறாள். ஒருநாள் துரத்தியவர்களிடமிருந்து தப்பி ஓடும் வேளையில் ஒரு பழைய யோகி எதிர்ப்பட்டு, உலகத்தைச் சூழவிருக்கும் தீமையை எதிர்த்து நிற்கும்படி சொல்லிச் சிலந்தியின் ஆற்றலை அவனுக்கு அளிக்கிறார். அந்தத் தீமை, நளின் ஒபரோய் என்னும் செல்வனுடைய உருவில் வருகிறது. அவன் பழைய இரட்சை ஒன்றினால் அரக்கனாகிவிட்டவன். சாதுவான வைத்தியர் ஒருவரையும் எட்டுக் கைப் பூதமாக மாற்றிவிடுகிறான். மாமியும் மீராவும் கடத்தப்படுகிறார்கள், பவித்திரன் மீட்கிறான். தீபாவளியோடு கதை நிறைவெய்துகிறது.

இங்கே ஒரு வினா எழும். நியூ யோர்க் நகரத்தில் ஏற்கெனவே ஒரு சிலந்தி வீரன் இருக்க, மும்பையில் இன்னொருவன் எப்படி? அவன் பொய்யா, இவன் பொய்யா? சித்திரக்கதைக்காரர் இதற்குக் கண்டுபிடித்த விடை, இருவரும் மெய், உலகங்கள்தாம் பல என்பதாகும். அவ்விடை புகழ்பெற்றது 1961 இல். அமெரிக்காவின் டீசி நிறுவனத்தார் 1940 இல் ஃபிளாஷ் என்னும் வேக வீரன் ஒருவனைப் படைத்திருந்தனர். அவன் மறக்கப்பட்டபின் 1956 இல் அதே பெயரில் வேறொருவனைப் படைத்தனர். பழைய வாசகர் சும்மா இருப்பார்களா? முன்னவன் என்னவானான் என்று கேட்கத்தானே செய்வார்கள்? கார்டினர் ஃபொக்ஸ் என்னும் எழுத்தாளர் 1961 இல், புதியவன் தன் உடலை அதிரச் செய்து வேறோர் உலகத்துக்குள் புகுந்து பழையவனைச் சந்திப்பதாக ஒரு கதை எழுதினார். இரண்டு பூமிகள் ஒரே இடத்தில், வெவ்வேறு அதிர்வில் இருக்கின்றன என்று காரணமும் கூறினார். வியாபாரச் சிக்கலுக்குக் கண்ட பரிகாரம், ஒரு பெரிய கற்பனையாக விரிந்துவிட்டது.

தமிழருக்கு இக்கற்பனை திகைப்பூட்டுவதன்று. திரிசங்குவுக்காக விசுவாமித்திரர் வேறொரு சுவர்க்கத்தையே சமைத்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்நாட்டினர். மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதி, அண்டங்கள் எண்ணிறந்தனவாய் விரிந்து கிடப்பதைப் பாடுகிறது. ஞானவாசிட்டத்திலே ஓர் அறைக்குள் ஓர் உலகமும், அவ்வுலகத்துக்குள் இன்னொன்றும் அடங்கிக் கிடக்கும். ஆகையால், ‘மாற்று உலகம்’ என்று சொன்னால் வாய் பிளக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய வினா வேறு. ஒரு வீரனை ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குப் பெயர்த்து நடும்போது எது கூட வருகிறது, எது பின்னே நின்றுவிடுகிறது?

சிலந்தி வீரன் இதற்கு முன்பும் பெயர்த்து நடப்பட்டவன்தான். 1970 இல் யப்பானியச் சித்திரக்காரர் ரியோயிச்சி இக்கேகாமி அவனை யப்பானிய மாணவனாக வரைந்தார். 1978 இல் தோயே நிறுவனத்தார் தொலைக்காட்சியில் அவனுக்கு ஒரு பிரமாண்டமான இயந்திர மனிதனையும் துணைக்குக் கொடுத்துவிட்டனர். யப்பானியப் பிள்ளைகளுக்கு இயந்திர மனிதன் இல்லாத வீரன் அரை வீரன் போலும்!

தமிழ்ச் சிறுவர்க்கு வந்து சேர்ந்த வெளிநாட்டு வீரர்களோ, பெரும்பாலும் உடை மாறாமலே வந்தவர்கள். சிவகாசியிலிருந்து 1972 இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரித்தானியச் சித்திரக்கதை நாயகன் ஒருவனை ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் தமிழ் பேச வைத்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மாத்திரம் தெரியும் அந்த மனிதனை மறந்த தமிழ் வாசகர் உண்டோ? 1984 இல் தோன்றிய லயன் காமிக்ஸ் ‘ஸ்பைடர்’ என்ற ஒருவனையும் கொண்டு வந்தது. அவன் அமெரிக்கச் சிலந்தி வீரனுக்கு உறவல்லன். குற்றவாளிகளுக்கு அரசனாக வேண்டுமென்று புறப்பட்டுப் பின்னர் மனந்திருந்திய பிரித்தானியக் கதாபாத்திரம். வேடிக்கை என்னவெனில், சுப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவராகிய ஜெரி சீகல்தான் அவனுடைய கதைகள் பலவற்றையும் எழுதியவர். இந்த இதழ்கள் கடல் கடந்து வந்து கொழும்பிலும் கைமாறிக் கைமாறி, அட்டை கிழியும் வரை படிக்கப்பட்டன. அவற்றில் வசனந் தமிழ்; முகமும் தெருவும் இலண்டன். அதனை ஒரு குறையாக அக்காலத்துச் சிறுவர் எவரும் எண்ணவில்லை.

பவித்திரனோடு அந்த நிலை மாறிற்று. முதன்முறையாக ஒரு பெரிய அமெரிக்க வீரன், தெற்காசியப் பிள்ளையின் முகத்தோடு, அப்பிள்ளையின் வீட்டுக் கவலைகளையும் சுமந்துகொண்டு வந்தான். இதனுடைய பெறுமதியை அறிய மும்பைக்குப் போக வேண்டியதில்லை. கொழும்பின் வட எல்லையில், களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரத்துக்குப் போனாலே போதும். மீன்பிடித் துறை, துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகள், பத்திரகாளி அம்மன் கோவில், விஷ்ணு கோவில், கத்தோலிக்க ஆலயங்கள், பள்ளிவாசல்கள் ஆகியன நெருங்கிக் கிடக்கும் பகுதி அது. மலையகத் தோட்டத்திலிருந்தோ வட மாகாணக் கிராமத்திலிருந்தோ உறவினர் வீட்டில் தங்கிப் படிக்க இத்தகைய இடங்களுக்கு வந்து சேரும் பிள்ளைகள் உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்திப் பெரிய பாடசாலைக்குள் நுழையும் நாளில், அப்பிள்ளையின் புள்ளிகளை எவரும் பார்ப்பதில்லை. சப்பாத்தைப் பார்ப்பார்கள், பேச்சைக் கேட்பார்கள். ‘ஏன் இப்படிக் கதைக்கிறாய்?’ என்ற ஒரு கேள்வியோடு அப்பிள்ளை ஒரு தவணை முழுவதும் வாய் திறவாதிருந்துவிடக் கூடும். அவனுக்குப் பவித்திரனுடைய முதற் பக்கங்கள் புனைகதையே அல்ல.

முகத்துவாரம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழிலே ஆற்றின் வாய் என்பது பொருள். சிங்களத்திலே மோதர என்பதும் அப்பொருளே தரும். ஆங்கிலேயர் மட்வால் என்றார்கள். அதிலே ஓசையின் சாயல் இருக்கிறது, ஆறும் இல்லை, கடலும் இல்லை. பெயர்களைப் பொருளாலும் மாற்றலாம், ஓசையாலும் மாற்றலாம் என்பதற்கு இவ்வூர் ஒரு நல்ல உதாரணம்.

பவித்திரனுடைய கதையை ஆக்கியோர் ஓசை வழியையே பின்பற்றினர். பீட்டர் பார்க்கர் பவித்திர பிரபாகர் ஆனான். மே என்பவள் மாயா ஆனாள். பென் என்பவர் பீம் ஆனார். மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனாள். நோர்மன் ஒஸ்போர்ன் நளின் ஒபரோய் ஆனான். கேட்பதற்கு விளையாட்டாக இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரோ, 18 ஆம் நூற்றாண்டிலே தேம்பாவணி பாடியபோது, சூசையப்பருக்கு வளன் என்று பெயரிட்டார். எபிரேயப் பெயருக்குரிய ‘பெருகுதல்’ என்ற பொருளை உணர்ந்து வைத்த பெயர் அது. அந்நியம் என்ற எண்ணமே அதனைக் கேட்போருக்கு எழாது. பெயரிலே காட்டிய அக்கறையை அவர் நாட்டு வருணனையிலும் காட்டினார். அவருடைய யூதேயாவிலே தமிழ்நாட்டு வயல்கள் விளைகின்றன.

பெயர் சிறு விடயம்தான். அதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962 இல் படைத்த பீட்டர் பார்க்கரைக் கடித்தது கதிரியக்கம் ஏறிய சிலந்தி. விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றிலே அது நிகழ்கிறது. அணுகுண்டின் அச்சமும் விஞ்ஞானத்தின் மேல் வைத்த நம்பிக்கையும் ஒருங்கே நிலவிய காலம் அது. அந்தச் சிலந்தியின் பற்களிலே அக்காலம் முழுவதும் அடங்கியிருந்தது எனலாம். பீட்டர் பின்னர் தன் வலை நூலைத் தானே இரசாயனக் கலவையாகச் செய்துகொள்கிறான். அவனுடைய வீரத்திலே பாதி, ஆய்வுகூடத்து வீரம்.

இந்தியப் பையனுக்கு வந்ததும் அந்த ஆய்வுகூடம் மறைந்து, யோகி வந்துவிட்டார். சிலந்தி போய் மந்திரம் வந்தது. விஞ்ஞானி போய் அரக்கன் வந்தான். மும்பையிலே கதிரியக்கத்துக்கா பஞ்சம்? ஆசியாவின் முதலாவது அணு உலையாகிய அப்சரா, 1956 ஆம் ஆண்டு ஆகஸ்டு 4 ஆந் தேதி இயங்கத் தொடங்கியது அதே நகரத்து ட்ரொம்பேயில்தான். நியூ யோர்க் நகரத்துப் பையனுக்கு ஒரு கற்பனைக் கண்காட்சி வேண்டியிருந்தது. மும்பைப் பையனுக்கோ உண்மையான உலையே ஊருக்குள் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பாடசாலைச் சுற்றுலாவை வைத்திருந்தால் போதும். சர் சி. வி. இராமன் 1930 இல் நோபல் பரிசு பெற்ற நாட்டிலே, புலமைப்பரிசில் பெற்ற மாணவனுக்கு வல்லமை கொடுக்க ஆய்வுகூடம் ஒன்றுகூடவா அகப்படவில்லை? கதையின் ஆசிரியர்கள் இந்திய மரபுக் கதைகளின் வேரைத் தேடியே இவ்வாறு செய்தனர் என்று வாதிக்கலாம். வாதத்துக்கு வலு இல்லாமலில்லை. ஆயினும், கீழைத்தேசம் என்றாலே யோகியும் இரட்சையும்தான் என்று வெளியார் பல காலமாகக் கொண்டிருந்த எண்ணத்துக்கு இது சாமரம் வீசிவிட்டது. மும்பையில் படிக்கும் பையன் கணக்கிலும் இரசாயனத்திலும் முதல்வனாக இருக்கக் கூடும் என்பதை மும்பைக்காரருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லியிருக்க வேண்டியது மற்றவர்க்கே.

ஒரு கதையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவருதல் என்றால் என்ன என்பதைத் தமிழ்ப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். வான்மீகியிலே இராவணன் சீதையைக் கூந்தலிலும் உடலிலும் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனுக்கு அது பொறுக்கவில்லை. அவன் பாடிய காவியத்திலே இராவணன் சீதையைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். சீதைக்குத் தமிழ்ப் பெண்ணின் சேலையை உடுத்துவது எளிது. அதைச் சிற்பியும் செய்வான். கம்பன் மாற்றியது, நடக்கக் கூடியது எது, நடக்கக் கூடாதது எது என்ற தமிழ் நெஞ்சத்தின் எல்லைக் கோட்டுக்கு இணங்க. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும் அரபு நாட்டைப் பாடத் தொடங்குகையில் மழை பொழிந்து, வெள்ளம் மலையிலிருந்து இறங்கித் தமிழ்த் திணைகளின் ஊடே பாய விட்டார். அரபுப் பாலை நனைந்தது. தன் நபியின் கதையைத் தமிழ் முஸ்லிம் தன் வயற்கரையிலே நின்று கேட்டான். மன்னாரிலே ஆடப்பட்ட என்றிக் எம்பரதோர் நாடகத்திலோ, ஓர் ஐரோப்பியப் பேரரசன் தமிழ்த் தாளக்கட்டுக்கு ஆடிக்கொண்டு களரிக்கு வருவான். பார்த்தவர்க்கு அவன் யார் நாட்டு அரசன் என்ற ஐயமே எழுவதில்லை.

அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பவித்திரன் கதையிலே வேட்டியும் யோகியும் தீபாவளியும் மேற்பூச்சுகள். ஆனால் ஓரிடத்திலே, அதிகம் பேசப்படாத ஓரிடத்திலே, ஆக்கியோர் அடிவேர் வரைக்கும் போய்விட்டார்கள்.

அமெரிக்க மூலத்திலே நடப்பது இது. வல்லமை பெற்ற பீட்டர் அதனைக் கொண்டு பணமும் புகழும் தேடுகிறான். ஒரு திருடன் ஓடிவருகிறான். பிடிக்க முடிந்தும் அவன் பிடிக்கவில்லை. அது தன் வேலை அன்று என்று விட்டுவிடுகிறான். பின்னொரு நாள் அதே திருடன் அவனுடைய வீட்டுக்குள் நுழைந்து பென் மாமாவைக் கொன்றுவிடுகிறான். வல்லமை இருக்கிற இடத்தில் கடமையும் இருக்கிறது என்னும் உண்மை அப்போதுதான் பையனுக்குப் புலனாகிறது. கதை உருக்கமானது; எனினும் அதிலே தற்செயலின் பங்கு பெரிது. நகரத்திலே எத்தனையோ வீடுகள் இருக்க, அத்திருடன் பென் மாமாவின் வீட்டுக்கே வர வேண்டுமா?

பவித்திரன் கதையிலே திருடன் இல்லை. ஒரு பெண்ணைச் சிலர் சூழ்ந்து தாக்குகிறார்கள். புதிதாகப் பெற்ற வல்லமையின் களிப்பிலே தாவித் திரியும் பவித்திரன் அதைக் காண்கிறான்; கண்டும் உதவாமற் போய்விடுகிறான். சற்று நேரத்தில் மாமாவின் குரல் கேட்கிறது. திரும்பி வந்து பார்த்தால், அப்பெண்ணைக் காப்பாற்றப் புகுந்த பீம் மாமா குத்துண்டு கிடக்கிறார். வல்லமை உடையவன் விலகிப் போன அதே இடத்துக்குள், வல்லமை ஏதுமற்ற மனிதர் நுழைந்தார். தற்செயல் என்று சொல்லித் தப்ப முடியாதபடி குற்றம் இறுகிவிட்டது. மூலத்திலே மாமா ஒருவனுடைய அலட்சியத்துக்குப் பலியானவர். இங்கே அவர் மருமகன் செய்யாததைச் செய்து மடிந்தவர். அவரே இக்கதையின் முதல் வீரர்; பவித்திரன் இரண்டாமவன். தெருவிலே ஒரு பெண்ணுக்கு நேரும் அநீதியைப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்பது தெற்காசிய நகரங்களில் எங்கும் காணக் கூடிய காட்சி. மும்பைக்கு மட்டும் உரியதன்று அது. கொழும்பு பஸ்ஸிலும் நடப்பதுதான். அந்த வெட்கத்தை எடுத்து ஒரு வீரனுடைய பிறப்புக்குள் வைத்தது உடை மாற்றமன்று. கம்பன் செய்த காரியத்தோடு ஒப்பிடுவது மிகையாகலாம்; ஆனால் வழி அவ்வழியே.

நான்கு இதழ்களுக்குப்பின் பவித்திரன் நெடுங்காலம் உறங்கினான். இதற்கிடையில் 2011 இல், மார்வல் நிறுவனத்தார் நடத்திவந்த இன்னொரு மாற்று உலகத்திலே மைல்ஸ் மொராலெஸ் என்னும் சிறுவன் தோன்றினான். கறுப்பினத் தந்தைக்கும் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த தாய்க்கும் புரூக்ளின் நகரப் பகுதியிலே பிறந்தவன் அவன். பிரயன் மைக்கல் பெண்டிஸ் எழுத, சாரா பிக்கெல்லி வரைந்தார். அவனுக்கும் முதலில் எதிர்ப்பு இருந்தது. சிலந்தி வீரன் வெள்ளைப் பையனாகத்தான் இருக்க வேண்டும் என்றவர்கள் உண்டு. 2014 இல் எல்லா உலகத்துச் சிலந்தி வீரரையும் ஒருங்கு திரட்டி ஒரு பெருங்கதை வந்தபோது பவித்திரனும் அழைக்கப்பட்டான். அவனுடைய உலகத்துக்கு 50101 என்று இலக்கமும் இடப்பட்டது. ஒருவனுடைய உலகத்துக்கு இலக்கம் கிடைப்பது, அவனுக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்தது போன்றது.

2018 இல் மைல்ஸை நாயகனாகக் கொண்டு வந்த சித்திரத் திரைப்படம் ஒஸ்கார் விருது பெற்றது. அதன் தொடர்ச்சியாக 2023 ஜூன் மாதத்தில் வெளியான இரண்டாவது படத்திலே பவித்திரன் திரையேறினான். ஆங்கிலத்திலே அவனுக்குக் குரல் கொடுத்தவர் டெல்லியிற் பிறந்த நடிகர் கரண் சோனி. ஹிந்தியிலும் பஞ்சாபியிலும் குரல் கொடுத்தவர் கிரிக்கெட் வீரர் சுப்மன் கில். படம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளிலும் பேசிற்று. மும்பையும் மான்ஹற்றனும் கலந்த ‘மும்பாற்றன்’ என்ற நகரம் அவனுக்காகத் தீட்டப்பட்டது. அதே ஆண்டிலே நிகேஷ் சுக்லா எழுதிய ஐந்து இதழ்க் கதை ஒன்றும் சஞ்சிகையாக வந்தது.

திரையிலே வந்த பவித்திரன் 2004 ஆம் ஆண்டுப் பையன் அல்லன். கிராமத்துக் கூச்சம் இல்லை, பசி இல்லை, துரத்துவார் இல்லை. சிரித்த முகம், அலைபாயும் கேசம், எதுவும் எளிது என்ற நினைப்பு. மைல்ஸ் ‘சாய் ரீ’ என்று சொல்வதைக் கேட்டு, ஒரே சொல்லை இருமுறை சொல்கிறாயே என்று அவன் எரிந்து விழும் காட்சி, தேயிலை விளையும் இந்நாட்டிலே நன்றாகச் சுவைக்கும். ‘நடுச் சென்டர்’ என்றும் ‘கேற்றுக் கதவு’ என்றும் பேசுகின்றவர்கள் அவனிடம் அகப்படாதிருப்பது நல்லது. இந்த மாற்றத்தைச் சிலர் வரவேற்றனர். தெற்காசியப் பிள்ளை என்றால் அடிபட்டு அழுகிறவனாகத்தான் வர வேண்டுமா, மகிழ்ச்சியாக வரக் கூடாதா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியே. ஆனால் புலமைப்பரிசிலோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வந்த அந்தப் பையன் திரையிலே இல்லாமற் போனது ஓர் இழப்பு. முகத்துவாரத்திலே உறவினர் வீட்டுத் திண்ணையில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு, புதியவனைப் பார்த்துச் சிரிக்கலாம், பழையவனோடு பேசலாம்.

ஆயினும் படத்திலே ஓர் இடம் ஆழமானது. அது நிகழ்வதும் பவித்திரனுடைய நகரத்திலேதான். ஒவ்வோர் உலகத்துச் சிலந்தி வீரனும் தனக்கு நெருங்கிய பொலிஸ் அதிகாரி ஒருவரை இழந்தே ஆக வேண்டும், அவ்விழப்பு விதிக்கப்பட்டது, அதைத் தடுத்தால் அவ்வுலகமே கலைந்துபோகும் என்பது அங்கே பெரியவர்கள் சொல்லும் சட்டம். பவித்திரன் விரும்பும் காயத்திரியின் தந்தை, பொலிஸ் அதிகாரி சிங். அவர் சாக வேண்டிய நேரம் வருகிறது. வேறோர் உலகத்திலிருந்து வந்த மைல்ஸ் இச்சட்டத்தை அறியான். இடிபாடுகளுக்குள் அகப்பட்டவரைப் பார்த்ததும் பாய்ந்து காப்பாற்றிவிடுகிறான். அடுத்த கணம் நகரத்தின் நடுவே நிலம் பிளந்து ஒரு கரும்பள்ளம் விரிகிறது.

ஊழ் என்ற அதிகாரத்தையும் எழுதி, ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தையும் எழுதிய வள்ளுவரைப் படித்தவர்களுக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. எது வலிது என்று உரையாசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்காக வாதாடியிருக்கிறார்கள். கீழைத்தேசத்தவர் எல்லாவற்றையும் தலைவிதி என்று விட்டுவிடுகிறவர்கள் என்பது மேல்நாட்டார் பலகாலம் சொல்லிவந்த குறை. இப்படத்திலோ விதியை இலக்கமிட்டுக் கணக்கிட்டுக் காவல் காக்கிறவர்கள், எதிர்காலத்து நியூ யோர்க்கிலிருந்து வருகிறவர்கள். விதி முதலில் மீறப்படுகின்ற இடமோ மும்பாற்றன். படத்தை ஆக்கியோர் இதை எண்ணிச் செய்தனரோ, எண்ணாமற் செய்தனரோ, இருபது ஆண்டுகளுக்கு முன் யோகியிடம் வரம் வாங்கித் தொடங்கிய பையன் நல்ல இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

விதியை மீறியதற்காக மைல்ஸைச் சிலந்தி வீரர் கூட்டமே துரத்துகிறது. அவனோ தன் தந்தையைக் காக்க ஓடி, வழிதவறி வேறோர் உலகத்திலே சிறைப்படுகிறான். அவனை மீட்கப் புறப்படும் சிறு படையைப் படத்தின் கடைசிக் காட்சி காட்டுகிறது. அப்படையிலே பவித்திரனும் நிற்கிறான். காயத்திரியின் தந்தையை உயிரோடு வைத்திருப்பவன் மைல்ஸ். அந்தக் காரியத்தாலே பிளந்தது பவித்திரனுடைய நகரம். இரண்டையும் அறிந்தே அவன் புறப்படுகிறான். அடுத்த பாகம் 2027 இல் வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது.